நாட்குறிப்பு ஆப்பில் விடியற்காலையில் மட்டும் பக்கம் வெறுமையாக வருகிறது. காலண்டர் காம்பொனென்ட்டின் கோளாறா?

இரவுப்பறவை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை இரவு 9 முதல் காலை 6 வரை. நிரல் எழுதுவது என் தொழில் இல்லை, பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை. வீடியோ பார்த்து ரியாக்ட் (வெப் பக்கத்தைத் துண்டு துண்டாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) கற்றுக்கொண்டு, எனக்கே எனக்கென்று ஒரு நாட்குறிப்பு வெப் ஆப் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். இடது பக்கம் காலண்டர், எழுதிய நாளுக்கு அடியில் ஒரு புள்ளி. வலது பக்கம் எழுதும் பெட்டி. மேலே "தொடர்ந்து இத்தனை நாள்" என்று ஓர் எண். கீழே வருடம் முழுவதற்கும் 365 சின்னக் கட்டங்கள். எழுதிய நாள் பச்சை, எழுதாத நாள் சாம்பல்.

பட்டன், காலண்டர், டயலாக் எதையும் நான் எழுதவில்லை. எல்லாம் ஒரு ரெடிமேட் காம்பொனென்ட் லைப்ரரியில் (தயாராகக் கிடைக்கும் திரைத் துண்டுகளின் தொகுப்பு) இருந்து எடுத்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த இழை முழுக்க "அதை ஏன் எடுத்தீர்கள், இதை எடுங்கள்" என்று போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முக்கால்வாசியை முடித்துவிட்டேன். பார்க்கவும் அழகாக இருந்தது. மூன்று வாரம் தினமும் எழுதினேன், ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு நாள் இரவு வேலை அதிகம். 2 மணிக்கு இடைவேளையில் பாதி எழுதி வைத்தேன். மீதியைக் கிளம்பும்போது எழுதலாம் என்று 5.40-க்குத் திறந்தால், வெறும் பக்கம். ஒரு எழுத்துகூட இல்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. அழித்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, கோபத்தில் இரண்டு வரி மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மத்தியானம் எழுந்து காலண்டரில் முந்தைய நாளைத் தொட்டேன். 2 மணிக்கு எழுதியது அங்கே பத்திரமாக இருக்கிறது!

விசித்திரம் என்னவென்றால், 2 மணிக்கு எழுதியது முந்தைய நாள் பக்கத்தில் போய் உட்காருவதுதான் எனக்கு வேண்டியதும். 14-ஆம் தேதி இரவு வேலைக்குப் போனால், விடியும்வரை எனக்கு அது 14-தான். அதனால் மூன்று வாரமாக ஆப் சரியாக வேலை செய்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அப்படிச் செய் என்று நான் எங்கேயும் எழுதவே இல்லை. பின்னே எப்படி?

இன்னும் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. தனி இழை போடச் சோம்பல், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலண்டரைத் தமிழுக்கு மாற்றினேன். மாதப் பெயர் அழகாக வந்தது. கிழமைத் தலைப்போ "ஞ த ச ப வ வ ச" என்று வருகிறது. இது எந்த ஊர்க் கிழமை?

பெட்டியில் வேகமாக எழுதினால் எழுத்து பின்தங்கி வருகிறது. சில சமயம் ஒரு சொல்லை முடித்து இடைவெளி விட்டு, ஒரு நொடி யோசித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. "மழைவந்தது", "தூக்கம்வரவில்லை" என்று பக்கம் முழுக்க இப்படித்தான் கிடக்கிறது.

மூன்றாவது, தோழிக்கு லிங்க் கொடுத்து என் பேக்கப் கோப்பையும் அனுப்பினேன். அவள் இருப்பது எனக்கு மேற்கே வெகுதூரம். அவளுடைய திரையில் எல்லாப் புள்ளிகளும் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகின்றன. அதே நிரல், அதே கோப்பு.

காலண்டர் காம்பொனென்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்றை மாட்டினால் சரியாகுமா?

---

ஒற்றைவரி:

காலண்டரே வேண்டாம். இன்புட் டைப் டேட் என்று ஒரு வரி போடுங்கள், பிரவுசரே தேதிப் பெட்டி கொடுக்கும். திரையில் அந்தந்த ஆளின் அமைப்புப்படி காட்டினாலும், மதிப்பாகத் தருவது எப்போதும் வருடம்-மாதம்-நாள் என்ற ஒரே வடிவம். நாட்குறிப்புக்கு லைப்ரரி என்பது கொசுவை அடிக்கப் பீரங்கி.

---

இரவுப்பறவை:

அந்தப் பெட்டியில் எழுதிய நாளுக்கு அடியில் புள்ளி வைக்க முடியாதே? எனக்குப் புள்ளிகள்தான் முக்கியம். மாதத்தைத் திறந்ததும் எங்கெங்கே விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

---

பழையகீபோர்டு:

எதையும் கழற்றாதீர்கள். முதலில் இரண்டு கேள்வி. இன்றைய தேதியை எப்படி எடுக்கிறீர்கள்? உங்கள் கணினியின் நேரம் யூடிசியிலிருந்து (உலகப் பொது நேரம்) எவ்வளவு தள்ளி இருக்கிறது?

---

இரவுப்பறவை:

நியூ டேட், அதன்மேல் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங், அதில் முதல் பத்து எழுத்தை ஸ்லைஸ். ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தது. நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால்.

ஐயோ. எழுதும்போதே உறைக்கிறது. 5.40.

---

பழையகீபோர்டு:

அதேதான். காலண்டர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் உங்கள் ஊர்த் தேதியைத் தராது, யூடிசி தேதியைத்தான் தரும். உங்கள் கடிகாரத்தில் 15-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால், யூடிசியில் இன்னும் 14 இரவு 8.30. அதனால் 14-ஆம் பக்கத்தில் விழுந்தது. 5.40 என்றால் யூடிசியில் 15 பிறந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. புதுப் பக்கம் திறந்துவிட்டது. உங்களுக்கு வேண்டிய மாதிரியே மூன்று வாரம் நடந்ததற்குக் காரணம், உங்கள் வேலை நேரமும் யூடிசி நள்ளிரவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனதுதான். ஒரு பக் (நிரல் பிழை) உங்களுக்குச் சாதகமாக வேலை செய்திருக்கிறது. பகலில் வேலை செய்து நள்ளிரவு 12.30-க்கு எழுதுகிற ஆளாக இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பீர்கள்.

இந்த வழியைக் கற்றுக்கொடுக்கிற வீடியோக்கள் ஏராளம். செய்து காட்டுகிறவர் பகலில் பதிவு செய்கிறார். பகல் 11 மணிக்கு உங்கள் ஊரில் இரண்டு தேதியும் ஒன்றுதானே.

சரி, மாற்று. கைபேசியில் தட்டுவதால் நிரலாக எழுத முடியவில்லை, வாயால் சொல்கிறேன். கெட்ஃபுல்இயர், கெட்மந்த், கெட்டேட் மூன்றும் உள்ளூர் நேரத்தில் பேசும். மாதத்தோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், ஜனவரி அங்கே பூஜ்யம். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்து, மூன்றையும் கோடு போட்டு ஒட்டினால் 2025-03-14 மாதிரி ஒரு சரம் (எழுத்துத் தொடர்) கிடைக்கும். இந்த வடிவத்தில் இன்னொரு சௌகரியம், அகரவரிசையில் அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும்.

இப்படிச் செய்ததும் உங்கள் 2 மணிப் பக்கம் 15-க்குப் போய்விடும். நியாயமாகப் பார்த்தால் சரி, உங்களுக்குத் தப்பு. ஆகவே நாள் எப்போது முடிகிறது என்பதை நீங்களே ஒரு எண்ணாக எழுதி வையுங்கள். கெட்ஹவர்ஸ் அந்த எண்ணைவிடக் குறைவு என்றால் தேதியில் ஒன்று குறையுங்கள். எப்படிக் குறைக்கிறீர்கள் என்பது முக்கியம், 24 மணி நேரத்தை மில்லிசெகண்டாக்கிக் கழிக்காதீர்கள். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றுகிற ஊர்களில் வருடத்தில் ஒரு நாள் 23 மணி, ஒரு நாள் 25 மணி. வருடம், மாதம், தேதி கழித்தல் ஒன்று என்று மூன்று எண்ணாக நியூ டேட்டிடம் கொடுத்தால், மார்ச் 1-லிருந்து பிப்ரவரிக்குப் போவதை அது பார்த்துக்கொள்ளும்.

அப்படிக் கிடைத்த நாளைச் சரமாகவே சேமியுங்கள். எழுதிய கணத்தின் நேர முத்திரையைத் தனியாக, யூடிசியில், பக்கத்திலேயே வையுங்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி. "இது எந்த நாளைப் பற்றிய பக்கம்" என்பது நீங்கள் வைக்கிற பெயர். "எப்போது விசையைத் தட்டினேன்" என்பது கடிகாரம் சொல்வது. ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிறகு கணக்குப் போட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் வேறு டைம்ஸோனுக்குப் போனால் பழைய பக்கமெல்லாம் இடம் மாறும்.

தோழியின் புள்ளிகளும் இதே குடும்பம்தான். காலண்டருக்குக் கொடுக்க அந்தச் சரத்தை நேராக நியூ டேட்டுக்குள் போட்டிருப்பீர்கள். தேதி மட்டும் உள்ள சரத்தை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே சரத்தின் வாலில் நேரமும் இருந்து டைம்ஸோன் இல்லாவிட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. யூடிசி நள்ளிரவு உங்களுக்கு அதே நாள் காலை 5.30, ஆகவே புள்ளி சரியான கட்டத்தில் விழும். யூடிசிக்கு மேற்கே இருப்பவருக்கு அது முந்தைய நாள் மாலையோ இரவோ. சரத்தைக் கோட்டில் பிளந்து மூன்று எண்ணாகக் கொடுங்கள். அல்லது டேட்-எஃப்என்எஸ் என்ற தேதி லைப்ரரி இருந்தால் அதன் பார்ஸ்ஐஎஸ்ஓ, தேதி மட்டும் உள்ள சரத்தை உள்ளூர் நள்ளிரவாகவே எடுக்கும்.

பிரவுசரின் டெவ்டூல்ஸில் சென்சார்ஸ் என்று ஒரு பகுதி குரோமில் உண்டு. அங்கே இடத்தை மாற்றினால் டைம்ஸோனும் மாறும். தோழியைத் தொந்தரவு செய்யாமல் நீங்களே பார்க்கலாம்.

---

ழகரம்:

கிழமை விஷயத்துக்கு நான் வருகிறேன், இதில் அடிபட்ட அனுபவம் உண்டு.

"ஞ த ச ப வ வ ச" எப்படி வந்தது என்றால், லைப்ரரி கிழமைப் பெயரை வாங்கி முதல் எழுத்தை சார்அட் சுழியம் என்று வெட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கு "திங்கள்" என்பதில் தி ஒரே எழுத்து. கணினிக்கோ த ஒன்று, இகரக் கொக்கி இன்னொன்று. முதலாவதை மட்டும் வெட்டினால் கொக்கி உதிர்ந்து த மட்டும் நிற்கும். ஞாயிறு ஞ ஆகும், புதன் ப ஆகும், வியாழனும் வெள்ளியும் இரண்டு வ ஆகும், செவ்வாயும் சனியும் இரண்டு ச ஆகும். கன்சோலில் "தமிழ்" என்று போட்டு லெங்த் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்று. எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்டில் செக்மென்டரிடம் கொடுத்தால் அதுவும் மூன்று என்று சொல்லும்.

பெரும்பாலான காலண்டர் காம்பொனென்ட்களில் கிழமைத் தலைப்புக்கு உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுக்க ஒரு ப்ராப் (காம்பொனென்ட்டுக்குள் நாம் அனுப்பும் மதிப்பு) இருக்கும். டாக்குமென்டேஷனில் வீக்டே, ஃபார்மேட்டர் என்று தேடுங்கள். இன்டில் டேட்டைம்ஃபார்மேட்டில் தமிழைக் கொடுத்து, வீக்டேயை நேரோ என்று கேட்டால் ஞா தி செ பு வி வெ ச என்று ஒழுங்காகத் தரும். இல்லையா, ஏழு எழுத்தைக் கையால் எழுதிக் கொடுங்கள், கிழமை இனிமேல் மாறப்போவதில்லை.

இதே வியாதி இன்னும் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். தலைப்புப் பெட்டியில் மேக்ஸ்லெங்த் 40 என்று வைத்திருந்தால் தமிழில் இருபத்தைந்து எழுத்துக்குள்ளேயே முட்டும். பட்டியலில் முதல் வரியை வெட்டிப் புள்ளி மூன்று போடுகிறீர்களா? வெட்டு ஒரு கொக்கிக்கு முன்னால் விழுந்தால் "கோ" என்பது "க" ஆகி நிற்கும். சிஎஸ்எஸ்ஸின் எலிப்சிஸிடம் விட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் அதோடு ஓவர்ஃப்ளோ ஹிடன் வரும், லைப்ரரி வைத்த வரி உயரம் ஆங்கிலத்துக்குப் பார்த்து வைத்ததாக இருக்கும், மூ, ழு இவற்றின் வால் அறுபடும். தீமில் லைன்ஹைட்டை 1.6, 1.7 என்று ஏற்றுங்கள். ஃபான்ட் பட்டியலிலும் தமிழ் ஃபான்ட் ஒன்றைப் பெயர் சொல்லிச் சேருங்கள். ரோபோட்டோ மாதிரி ஃபான்ட்டில் தமிழ் எழுத்தே கிடையாது, அப்போது சாதனம் கையில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றும்.

தேடல் வைக்கிற எண்ணம் இருந்தால் ஒன்று. கொ என்பதை ஒரு கீபோர்டு க, ொ என்று இரண்டு குறியீடாக அனுப்பும். இன்னொன்று கொம்பும் காலும் தனித்தனியாக மூன்றாக அனுப்பலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் என்எஃப்சி போட்டு ஒரே வடிவமாக்கிவிடுங்கள்.

சொல் ஒட்டிக்கொள்வது பற்றி ஒரு சந்தேகம். தானாகச் சேமிக்கும்போது ட்ரிம் செய்கிறீர்களா, அதாவது ஓரத்து இடைவெளிகளை வெட்டுகிறீர்களா?

---

இரவுப்பறவை:

ஆமாம். கடைசி இடைவெளி எதற்கு என்று ட்ரிம் செய்து சேமித்து, சேமித்ததையே பெட்டியில் திரும்ப வைக்கிறேன்.

---

ழகரம்:

அப்படியானால் திருடன் அவன்தான். "மழை" எழுதி இடைவெளி விட்டு யோசிக்கிறீர்கள். அந்த நொடியில் சேவ் ஓடி, இடைவெளியைச் சாப்பிட்டு, பெட்டியைப் புதுப்பிக்கிறது. நீங்கள் "வந்தது" என்று தொடர்கிறீர்கள். பெட்டியிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகட்டும், திரும்பி வரவே கூடாது. பக்கம் திறக்கும்போது ஒரு முறை மட்டும் படியுங்கள். ஒலிபெயர்ப்பு கீபோர்டு என்றால் இது இன்னும் மோசம். பாதி எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது மதிப்பை மாற்றினால் கர்சர் எங்கேயோ ஓடும். டேக் பெட்டி வைத்திருந்தாலும் கவனம், பரிந்துரையை ஏற்க நீங்கள் தட்டுகிற என்டரை லைப்ரரி "டேக் முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு அரைகுறைச் சொல்லைச் சேர்க்கும். ஈவென்ட்டில் இஸ்கம்போஸிங் (எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற குறி) உண்மையாக இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

பின்தங்குவது வேறு காரணம். எழுதும் உரையின் ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) எங்கே இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஆப் காம்பொனென்ட்டிலா? அந்த 365 கட்டத்துக்கும் டூல்டிப் (மேலே சுட்டியைக் கொண்டுபோனால் வரும் குறிப்பு) போட்டிருக்கிறீர்களா?

---

இரவுப்பறவை:

மேலேதான். டூல்டிப்பும் போட்டிருக்கிறேன், லைப்ரரியில் சும்மா கிடைத்ததே என்று ஒவ்வொன்றுக்கும்.

---

ழகரம்:

ஒரு விசை தட்டினால் மேலே இருக்கும் ஸ்டேட் மாறி, 365 டூல்டிப் மறுபடி ரெண்டர் ஆகின்றன. உரையின் ஸ்டேட்டைப் பெட்டியின் காம்பொனென்ட்டுக்குள்ளேயே இறக்குங்கள், கட்டங்களுக்குத் தெரிய வேண்டியது எந்தெந்த நாள் எழுதியாயிற்று என்பது மட்டும். டூல்டிப்புக்குப் பதிலாக டைட்டில் ஆட்ரிபியூட் போதும்.

ஒற்றைவரி சொன்னதற்கும் ஒரு வார்த்தை. நல்ல லைப்ரரியின் காலண்டரில் அம்புக்குறி விசையால் நாள் நாளாக நகரலாம், பேஜ்அப் தட்டினால் முந்தைய மாதம், டயலாக் திறந்தால் ஃபோகஸ் வெளியே ஓடாது, திரைப்படிப்பான் தேதியை வாசிக்கும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கையால் எழுத முடியாது. லைப்ரரி எடுத்தது சரிதான்.

---

ஒற்றைவரி:

பீரங்கியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: எங்கே சேமிக்கிறீர்கள்?

---

இரவுப்பறவை:

லோக்கல்ஸ்டோரேஜ், பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம். எல்லாப் பக்கமும் ஒரே ஜேஸன் உரை. பேக்கப் கோப்பு தோழிக்கு அனுப்புவதற்காக ஒரே ஒரு முறை எடுத்தேன்.

---

ஒற்றைவரி:

அப்படியென்றால் மேலே பேசியதெல்லாம் அப்புறம், இதை முதலில் பாருங்கள். இந்த ஒரு முறை என் பெயருக்கு மாறாக நீளமாக எழுதுகிறேன்.

லோக்கல்ஸ்டோரேஜில் இடம் சுமார் 5 எம்பி. நாட்குறிப்புக்கு அது பல வருடம் தாங்கும், பிரச்சினை அளவு இல்லை. எல்லாம் ஒரே சரம் என்பதால் ஒரு வரி மாற்றினாலும் மொத்தத்தையும் திரும்ப எழுதுகிறீர்கள், எழுதி முடிக்கும்வரை பக்கம் காத்திருக்கும். பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்ட்டிபிக்கு மாறுங்கள், நாளின் சரமே சாவி. நேராகப் பழகக் கடினம், டெக்ஸி மாதிரி ஒரு சின்ன உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இண்டெக்ஸ்ட்டிபியும் பெட்டகம் இல்லை. சாதனத்தில் இடம் நெருக்கினால் பிரவுசர் தானாக அழிக்கலாம். நேவிகேட்டர் ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட் என்று கேட்டு வாங்கினால் அந்த ஆபத்து குறையும். சஃபாரியில் 2020 முதல் தனி விதி ஒன்று உண்டு. அந்தத் தளத்தை ஏழு நாள் தொடாமல் பிரவுசரைப் பயன்படுத்தினால், ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததை அது அழித்துவிடும். ஆளைப் பின்தொடர்கிற விளம்பரக்காரர்களுக்காக வைத்த விதி, நாட்குறிப்பும் அதே வலையில் மாட்டும். முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்கு அந்தக் கணக்கு வேறு. நாட்குறிப்பு எழுதுகிறவர் ஒரு வாரம் எழுதாமல் இருப்பது நடக்காத கதையா என்ன?

கைபேசியில் டேபை மூடும்போது கடைசி வரி போகாமல் இருக்க, பிஃபோர்அன்லோடை நம்பாதீர்கள், பல சமயம் வராது. விசிபிலிட்டி சேஞ்ச் வரும்போது சேமியுங்கள்.

பேக்கப் பட்டனை அமைப்புகளுக்குள் புதைக்காமல் முதல் திரையில் வையுங்கள். ஜேஸனோடு சாதாரண உரைக் கோப்பும் தரட்டும். ஆப் இல்லாமலும் படிக்க வேண்டுமே.

---

இரவுப்பறவை:

இரண்டு நாள் லீவு போட்டு உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பேக்கப். அப்புறம் இண்டெக்ஸ்ட்டிபி, டெக்ஸியோடு. ட்ரிம்மை எடுத்ததும் சொற்கள் ஒட்டுவது நின்றது. ஸ்டேட்டைக் கீழே இறக்கி டூல்டிப்புகளைக் களைந்ததும் எழுத்து விரலோடு வருகிறது. கிழமைக்கு ஒரு ஃபார்மேட்டர் ப்ராப் இருந்தது, டாக்குமென்டேஷனில் ஒரு மூலையில். ஞா தி செ பு வி வெ ச. பத்து நிமிட வேலைக்கு மூன்று வாரமாக முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சென்சார்ஸில் இடத்தை மாற்றிப் பார்த்தேன், புள்ளிகள் அசையவில்லை. தோழியும் சரி என்றாள்.

நாள் எப்போது முடிகிறது என்பதில்தான் அதிக நேரம் போனது. முதலில் பகல் 12 என்று வைத்தேன். வேலை நாளில் கச்சிதம். வார விடுமுறையில் காலை 10 மணிக்கு எழுந்து அன்றைய காலையைப் பற்றி எழுதினால் நேற்றைக்குப் போகிறது. காலை 8 என்று வைத்தால், வேலை நீண்டு 8.30-க்கு வீட்டில் உட்கார்ந்து எழுதுவது இன்றைக்குப் போகிறது. எந்த எண்ணை வைத்தாலும் வாரத்தில் ஒரு நாள் இடிக்கிறது. கடைசியில் ஆப் ஊகிப்பதை விட்டுவிட்டேன். எழுதும் பெட்டிக்கு மேலே லைப்ரரியின் இரட்டை டாகிள் பட்டன் ஒன்று, "நேற்று", "இன்று". பகல் 12-க்கு முன்னால் திறந்தால் மட்டும் தெரியும். வேலை நாள் என்றால் நேற்றில் நிற்கும், விடுமுறை என்றால் இன்றில். தப்பாக இருந்தால் ஒரு தட்டு.

இதில் ஒன்று கற்றுக்கொண்டேன், பழையகீபோர்டு ஐயா சொல்லாமல் விட்டது. டேப் இரவு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. சேவ் ஓடும் ஒவ்வொரு தடவையும் நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். பகல் 12-ஐத் தாண்டி ஒரு எழுத்தைத் திருத்தினால் முழுப் பக்கமும் அடுத்த நாளுக்கு நகலாகிறது. இப்போது பக்கம் திறந்த கணத்தில் நாளைப் பிடித்துப் பெட்டியோடு கட்டிவிட்டேன்.

பழைய பக்கங்களைத் திருத்துவதுதான் பெரிய பாடு. நேர முத்திரை சேமிக்காததால் எது எப்போது எழுதியது என்று நிரலால் கண்டுபிடிக்க வழியில்லை. உட்கார்ந்து படித்தேன். தப்பாகப் பிரிந்தவை நான்கே நான்கு. நான்கையும் கையால் ஒட்டினேன். அந்தக் கோபமான 5.40 பக்கத்தில் இருந்த இரண்டு வரி: "எல்லாம் போயிற்று. இனி நோட்டில்தான் எழுதுவேன்." அதை அழிக்கவில்லை, 2 மணிக்கு எழுதியதற்கு அடியில் அப்படியே சேர்த்துவிட்டேன்.

---

பழையகீபோர்டு:

டேப் விஷயத்தை நான்தான் விட்டுவிட்டேன், சரியாகப் பிடித்தீர்கள். டாகிள் என் எண்ணைவிட நல்ல யோசனை.

"தொடர்ந்து இத்தனை நாள்" கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் சரத்தையும் டேட் யூடிசி கொண்டு எண்ணாக்கிக் கழித்து, 86400000-ஆல் வகுத்தால் எப்போதும் முழு எண் வரும். யூடிசியில் 23 மணி நாள் கிடையாது. யூடிசி உங்களுக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது.

---

ஒற்றைவரி:

365 கட்டம் என்றீர்களே, வருடத்தைப் பார்த்து வருகிறதா, கையால் போட்ட எண்ணா?

---

இரவுப்பறவை:

கையால் போட்டது.

2028 பிப்ரவரி வரைக்கும் நேரம் இருக்கிறது. இப்போது வேலைக்குக் கிளம்புகிறேன்.